ஸ்டோரிவீவர்: படம் வரையத் தெரியாத கதைக்காரர்களுக்கு

படம் வரைய வராது, ஓவியருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. ஆனால் குழந்தைக் கதை எழுதியே தீர வேண்டும் என்ற அரிப்பு மட்டும் இருக்கிறதா? என்னைப் போன்ற அந்த ஆட்களுக்குத்தான் இந்த இலவசத் தளம். பெங்களூருவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் இதைத் தொடங்கியது.

படக் கிடங்கிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரியை எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் பெரும்பாலும் அவை வேறு கதைகளுக்காக வரைந்தவை. என் கதையில் பாட்டி ஆட்டுக்குட்டியைத் தேடினாள். மனதுக்குப் பிடித்த படத்தில் இருந்ததோ எருமை. சரி, எருமையையே தேடட்டும் என்று மாற்றினேன். அவ்வளவு பெரிய எருமை எப்படித் தொலையும் என்பதே கதையாகிவிட்டது!

வாசிப்பு நிலைகள் நான்கு. முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். நம் வர்ணனையெல்லாம் அங்கே உதிர்ந்துவிடும், நல்லதுதான்.

அப்புறம், வெளியிடும் முன் உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமம் அது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். ராயல்டி எதிர்பார்ப்பவர்கள் பதிப்பகத்தைத் தேடிப் போவதே உத்தமம்.