கிணத்துக்கடவு மின்பொருள் கடை: போர் மோட்டாருக்குக் கேபிள் வாங்குவோர் கவனத்துக்கு

தென்னந்தோப்பின் போர் மோட்டாருக்குக் கேபிள் வாங்கச் செல்லும் எவருக்கும் கிணத்துக்கடவில் உள்ள இந்தச் சிறிய கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், போர் எத்தனை அடி, ஸ்டார்ட்டர் பெட்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே உரிமையாளர் கேபிளை எடுக்கிறார். கம்பியின் நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும், குறுக்குப்பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும் என்பதால், ஆயிரம் அடி போரில் மெல்லிய கேபிளை இறக்கினால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறி, அதன் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும்.

அலுமினியம் விலை குறைவுதானே என்று கேட்டதற்கு, "விலையைப் பாக்காதீங்க, தடிமனைப் பாருங்க" என்றவர், செம்புக் கேபிளின் முனையைச் சீவி இழைகளை விரித்துக் காட்டினார். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான் என்பதையும், இணைப்புகளில் படியும் ஆக்சைடு மின்னோட்டத்தைத் தடுத்து அவ்விடத்தைச் சூடாக்கும் என்பதையும் அவர் விளக்கிய பொறுமை பாராட்டுக்குரியது. விலை நியாயம், ரசீதும் கேட்காமலே தருகிறார்.

வீட்டு வயரிங் பொருள்கள்தாம் குறைவு. குறிப்பாக, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. கருவியில் ஒரே வகைதான் இருக்கிறது. கூடுதல் வகைகளை அவர் அவசியம் வாங்கி வைக்க வேண்டும்.