டவுனில் மைக் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

கடையின் பெயரைப் போடமாட்டேன். கையில் பில் இல்லை, பில் இல்லாமல் பெயரைப் போட்டு வம்பில் மாட்டவும் விருப்பமில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடை, அவ்வளவுதான். நடந்ததை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இதே செட்டை இதே கதையோடு உங்களுக்கும் யாராவது நீட்டலாம்.

நான் பகலில் வேலை, இரவில் கேம். பதினொரு மணிக்குப் பிறகு நெட் கொஞ்சம் மூச்சுவிடும், அப்போதுதான் லைவ் போடுவேன். பார்க்கிறவர்கள் முப்பது நாற்பது பேர். பாதிப் பேர் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பெடியன்கள். பழைய ஹெட்செட்டில் என் குரல் பால்மா டின்னுக்குள் இருந்து வருகிறது என்று அவர்கள் பண்ணிய கிண்டலில்தான் எல்லாம் தொடங்கியது.

கடையில் முதலாளி ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தார். தங்க நிற வலை போட்ட மைக், ஸ்டாண்ட், வாய்க்கு முன்னால் பிடிக்கிற துணி வளையம், பஞ்சுத் தொப்பி. பார்க்கவே ரேடியோ ஸ்டேசன் மாதிரி இருந்தது. மைக்கை ஒரு சின்ன சவுண்ட் கார்ட்டில் குத்தி, அதைத் தன் போனில் குத்தி, ஹெட்போனை என் காதில் மாட்டி, "கதையுங்க தம்பி" என்றார். கதைத்தேன். அறிவிப்பாளர் குரல்! பிறகுதான் விளங்கியது, சவுண்ட் கார்ட்டில் எக்கோவைக் கூட்டி வைத்திருக்கிறார். எக்கோ போட்டால் யார் குரலும் இனிக்கும். பின்னால் இருக்கிற இரைச்சலும் அதற்குள் மறைந்துவிடும்.

"இது ஸ்டூடியோ கண்டென்சர், தம்பி. லப்டொப்பில நேரே குத்தலாம்." கண்டென்சர் என்றால் சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற, வேலை செய்ய மின்சாரம் கேட்கிற மைக் வகை. விலை 14,500 ரூபா. பில் வேண்டுமென்றால் கொஞ்சம் கூட வரும் என்றார். நானும் சரி, விடுங்க என்று சொல்லிவிட்டேன். காட்டிய சவுண்ட் கார்ட் செட்டில் இல்லை, அது டெமோவுக்காம். இதை வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் கவனித்தேன்.

லப்டொப்பில் குத்தினேன். லைவ் போடுகிற மென்பொருளான ஓபிஎஸ்ஸில் சத்தத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு ஆடியது. நான்கு இரவுகள் லைவ் போட்டேன். ஐந்தாம் இரவு அக்கரைப்பற்றுப் பெடியன் ஒருவன் எழுதினான்: "மச்சான், உன்ர குரலை விட கீபோர்ட் தட்டுற சத்தம்தான் கூடக் கேட்குது. மைக்கை நகத்தால ஒருக்கா சுரண்டிப் பாரு." சுரண்டினேன். ஒன்றும் இல்லை. லப்டொப்பின் ஓரத்தைச் சுரண்டினேன். கர்ர்ர்.

நான்கு நாளாக நான் பாடுபட்டுக் கதைத்தது லப்டொப்புக்குள் இருக்கிற ஓட்டை மைக்கில். பெரிய மைக் சும்மா முன்னால் நின்று போஸ் கொடுத்திருக்கிறது.

காரணம் சின்னது. இப்போதைய லப்டொப்புகள் பலவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துவாரம்தான். அதற்கு நான்கு பகுதி உள்ள பின் வேண்டும், அதாவது பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். இந்தச் செட்டின் வயரில் இருந்தது இரண்டு. குத்தினால் லப்டொப் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொண்டு தன் சொந்த மைக்கையே தொடர்ந்து பாவிக்கும். இரண்டு வளையமா மூன்று வளையமா என்று கடையிலேயே எண்ணியிருந்தால் நான்கு இரவுகள் மிஞ்சியிருக்கும்.

திரும்பிப் போனேன். "இதுக்கு ஒரு கன்வேர்டர் வேணும்" என்றார். 850 ரூபா. இப்போது மைக் வேலை செய்தது, ஆனால் கத்தினால்தான் கேட்டது. மறுபடி போனேன். "48 வோல்ட் பாண்டம் பவர் இல்லாம கண்டென்சர் எப்படித் தம்பி வேலை செய்யும்?" என்று என்னையே கேட்டார்! லப்டொப்பில் நேரே குத்தலாம் என்று சொன்ன அதே மனுசன். பாண்டம் பவர் என்பது மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகிற மின்சாரம். உண்மை என்னவென்றால், லப்டொப்பின் மைக் துவாரம் தருவது சில வோல்ட் மட்டும்தான். 48 வோல்ட் வர அதற்கென்று ஒரு பெட்டியோ, மைக்கின் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ஓடியோ இன்டர்பேஸோ வேண்டும். பாண்டம் பவர் பெட்டி 5,500 ரூபா. மொத்தம் 20,850.

அதையும் மாட்டினேன். சத்தம் வந்தது, கூடவே ஊஊஊ என்று ஒரு உறுமலும் வந்தது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடத்தில் சார்ஜர் வழியாக அந்த உறுமல் வயருக்குள் வந்துவிடும். சார்ஜரைக் கழற்றினேன், நின்றது. என் லப்டொப் பற்றரி நாற்பது நிமிசம் தாங்கும். அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுக்கா மனே இவ்வளவு காசு?" என்றார்.

கடைசியில் ஆரையம்பதியில் கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடுகிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். இரண்டு ஆணியைக் கழற்றித் தலையைத் திறந்தார். அவ்வளவு பெரிய வலைக்குள் சட்டைப் பொத்தானை விடச் சின்னதாக ஒன்று. பெரிய ஸ்டூடியோ கண்டென்சர்களில் அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குல அகலத்தில் வட்டமான சாமான் இருக்குமாம். "ஹெட்செட்டில வாற அதே வகைதான் தம்பி. சட்டை மட்டும் பெரிசு." எலக்ட்ரெட் என்கிற அந்த வகை கெட்டதில்லை, நல்ல மைக்குகளிலும் அது உண்டு என்றும் சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்தது பதினாலாயிரத்துச் சாமான் இல்லை.

கடையில் பதில் தயாராக இருந்தது. ஆணி கழற்றியிருக்கிறது, வாரண்டி இல்லை. பில் எங்கே? பில் இல்லை. கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. உங்கள் லப்டொப்பையே தூக்கிக்கொண்டு போங்கள். எக்கோ, சவுண்ட் கார்ட் ஒன்றும் இல்லாமல் அதில் ரெக்கோட் பண்ணி, உங்கள் ஹெட்போனிலேயே கேளுங்கள். நகத்தால் சுரண்டுகிற சோதனையை மறக்க வேண்டாம். பேசாமல் பத்து விநாடி விட்டும் கேளுங்கள், இரைச்சல் அப்போதுதான் தெரியும். கடைக்காரர் முகம் மாறினால் அப்படியே வெளியே வந்துவிடலாம்.

கேமுக்கும் லைவுக்கும் மட்டும் என்றால் யூஎஸ்பி மைக் போதும் என்பது என் எண்ணம். இன்டர்பேஸின் வேலையை அதுவே உள்ளே செய்துகொள்ளும், பாண்டம் பெட்டிக் கதையெல்லாம் இல்லை. கண்டென்சரா, அவ்வளவு நுணுக்கமாகச் சத்தம் பிடிக்காத டைனமிக் வகையா என்றால், நம் வீடுகளுக்கு நான் டைனமிக்கைத்தான் சொல்வேன். அஸ்பெஸ்டஸ் கூரை, கடகட மின்விசிறி, தெருநாய், பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ எல்லாவற்றையும் கண்டென்சர் ஆசையோடு பிடிக்கும். டைனமிக் என்றதும் மந்திரம் என்று நினைக்கவும் கூடாது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துக் கதைக்க வேண்டும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், விசிறிச் சத்தம் இருந்தபடியே இருக்கும். மேசையின் மறுகரையில் வைத்துவிட்டு மைக்கைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

யூடியூபில் பெரிய ஆட்கள் முன்னால் நிற்கிற அந்தத் தடித்த கறுப்பு மைக், ஷூர் எஸ்எம்7பி, எல்லோருக்கும் ஆசைதான். அதில் யூஎஸ்பி துவாரமே கிடையாது, எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் மைக் வயர் மட்டும். சாதாரணக் கதைக்கு 60 டெசிபல் அளவு கெயின், அதாவது சத்தத்தைத் தூக்கிவிடுவது, கேட்கும். ஆகவே அதே உருவத்தில் யூஎஸ்பி வயரோடு யாராவது பத்தாயிரத்துக்கு நீட்டினால் அது அந்த மைக் இல்லை. அந்த உருவத்தில் நல்ல மைக்குகளும் வருகின்றன, பெயருக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

பழைய ஹெட்செட்டைத் தூக்கி எறிவதற்கு முன் ஓபிஎஸ்ஸில் ஆர்என்நொய்ஸ் என்ற இரைச்சல் வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள், இலவசம். நான் இப்போது ஹெட்செட்டோடும் அதோடும்தான் லைவ் போடுகிறேன். விசிறியை மிகவும் கூட்டினால் அந்த வடிகட்டி சொல்லின் வாலைத் தின்றுவிடும், மற்றபடி டின் சத்தம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

போன கிழமை அந்தக் கடைப் பக்கம் போனேன். கண்ணாடி அலுமாரியில் அதே கறுப்புப் பெட்டி, அதே தங்க வலை. விலை 15,900 என்று ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பெடியன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றான்.