முதல் ஸ்ப்ளைஸ்: உள்ளீடற்ற பின்னலா, இரட்டைப் பின்னலா?

மரமேறும் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கயிற்றில் கண் பின்னக் கற்றுக்கொண்டேன். முடிச்சுப் போடாமல், கயிற்றின் நுனியை அதன் உடலுக்குள்ளேயே செருகி வளையம் அமைக்கும் இதை எங்கள் தொழிலில் ஸ்ப்ளைஸ் என்கிறோம். பயனை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. முடிச்சு கயிற்றின் வலுவில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஒழுங்காகப் பின்னிய கண் பெரும்பகுதியைக் காப்பாற்றும், கிளைக் கவட்டையிலும் சிக்காமல் நழுவும். எந்தக் கயிற்றில் கற்கத் தொடங்குவது என்பதுதான் கேள்வி. நான் இரட்டைப் பின்னலில் தொடங்கினேன். உள்ளே வெறும் குழலாக இருக்கும், உள்ளீடற்ற பன்னிரண்டு புரிப் பின்னலில் தொடங்கியிருக்க வேண்டும்.

இரட்டைப் பின்னலில் உறை ஒரு பின்னல், அதனுள் இன்னொரு பின்னல். இரண்டும் சேர்ந்தே சுமை தாங்குகின்றன. ஆகவே கண் அமைக்கும்போது உறையை உட்பின்னலுக்குள்ளும், உட்பின்னலை உறைக்குள்ளும் செலுத்த வேண்டும். அளவெல்லாம் ஃபிட் என்னும் குழல் ஊசியின் நீளத்தில் சொல்லப்படும். அது கயிற்றின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 21 மடங்கு. குறிகள் ஒரு விரலளவு பிசகினாலும் கடைசியில் தெரிந்துவிடும். கடைசிக் கட்டம்தான் கொடுமை: உறையைக் கையால் உருவி உருவி, இரண்டும் குறுக்கிட்ட தடித்த பகுதியை விழுங்கவைக்க வேண்டும். என் முதல் முயற்சியில் இரண்டு அங்குலம் மிச்சமிருக்கையில் உறை நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடி, உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். எங்கே தவறினேன் என்பதுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் தவறு உள்ளே புதைந்து கிடந்தது.

உள்ளீடற்ற பின்னல் அப்படி மறைப்பதில்லை. இரு கைகளாலும் கயிற்றை எதிரெதிராகத் தள்ளினால் பின்னல் வாய் திறக்கிறது. நுனியை ஊசியில் பூட்டி உள்ளே அனுப்புகிறோம், அவ்வளவுதான். சுமை ஏறும்போது பின்னல் நீண்டு ஒடுங்கி, உள்ளே இருக்கும் வாலைக் கவ்விக்கொள்கிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகும். கவனிக்க வேண்டியவை மூன்று. புதைக்கும் நீளம்: டைனீமா போன்ற வழுக்கும் இழையில் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பது பொதுவான கணக்கு, அதாவது 10 மி.மீ. கயிற்றுக்கு 72 செ.மீ.; பாலியஸ்டருக்குக் குறைவாகவே போதும், தயாரிப்பாளரின் அளவைப் பின்பற்றுங்கள். அடுத்து, வாலின் புரிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் படிப்படியாக மெலிதாக்குவது. மொட்டையாக வெட்டினால் வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென்று வளைந்து பலவீனப்படும். மூன்றாவது பூட்டுத் தையல். சுமை இல்லாத நேரத்தில் கயிறு ஆடி ஆடி வால் மெல்ல வெளியேறிவிடாமல் காப்பது இந்தத் தையல்தான்.

இதையெல்லாம் விட என்னை இந்தப் பக்கம் நிறுத்திவைப்பது பராமரிப்பு. கயிற்றில் முதலில் தேய்வது கண்ணும் அதன் கழுத்தும்தான். வெட்டிய கிளையைக் கப்பி வழியாக இறக்கும்போது அடிமரத்தில் சுற்றும் பட்டைக்கயிறுகளை நானே பின்னுகிறேன்; நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வூப்பி ஸ்லிங்கும் அதில் அடக்கம். தூங்குமூஞ்சி மரத்தின் சொரசொரப்பான பட்டையில் சில மாதங்கள் உராய்ந்த பிறகு, தையலைப் பிரித்து வாலை வெளியே இழுத்துப் பார்க்கிறேன். உள்ளே மணல் ஏறியிருக்கிறதா, இழை அறுந்திருக்கிறதா, புதைந்த வால் தன் இடத்திலேயே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, நன்றாக இருந்தால் திரும்பச் செருகித் தைக்கிறேன். தேய்ந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சற்றே குட்டையான பட்டைக்கயிறாக மறுபடி பின்னுகிறேன். இரட்டைப் பின்னலில் இந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. மழையும் பிசினும் தூசியும் ஏறிய உறை சுருங்கி உட்பின்னலோடு ஒட்டிக்கொள்ளும். புதுக் கயிற்றிலேயே நகராத உறை, ஓராண்டு உழைத்த கயிற்றில் எப்படி நகரும்? ஊறவைத்துப் பார்த்தேன், பெரிதாக உதவவில்லை. கண் போனால் கயிறே போன மாதிரி.

ஆனால் உள்ளீடற்ற கயிறு மனிதர் ஏறுவதற்கான கயிறு அல்ல. அது தட்டையாகிவிடும், சிம்புகளில் மாட்டும். டைனீமா ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், ஏறும் கயிற்றைச் சுற்றிப் பற்றி ஆளை நிறுத்தும் உராய்வு முடிச்சுக்கும் ஆகாது. நான் ஏறும் கயிற்றின் கண் இன்றும் ஆலையில் தைத்து, சான்றிதழோடு வாங்கியதுதான். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் தூக்குக் கருவி விதிகளின்படி ஆளைத் தாங்கும் சாதனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதிப்பவர் முன்னால் வீட்டில் பின்னிய கண்ணுக்கு ஆவணம் காட்டுவது கடினம். அமெரிக்காவில் மரப் பராமரிப்புப் பணிக்கான பாதுகாப்புத் தரமான ஆன்சி இசட்133, தயாரிப்பாளரின் வழிமுறைப்படி செய்த ஸ்ப்ளைஸை ஏற்கிறது.

உள்ளீடற்ற பின்னலுக்கும் இரட்டைப் பின்னலுக்கும் நடுவே பதினாறு புரிக் கயிறு இருக்கிறது. சுமையைப் பெரும்பாலும் உறையே தாங்குவதால் பின்னுவது எளிது. அதில் நான் பின்னியவை மூன்றே கண்கள், மூன்றும் தரையில் சோதிக்க மட்டும். அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தொடங்குகிறவர்கள் 12 மி.மீ. உள்ளீடற்ற பாலியஸ்டர் ஆறு மீட்டரும், ஒரு ஃபிட்டும், மெழுகு நூலும் வாங்குங்கள். முதல் ஐந்து கண்களைப் பின்னியதும் கத்தியால் நீளவாக்கில் கீறி, வால் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஆறாவதை மரத்துக்கு எடுத்துச் செல்லலாம், கிளை இறக்க மட்டும்.