திருகோணமலைல நாங்க போன லோயர் ஒபிஸ்: நாள் எண்ணிப் பாத்துச் சொன்ன இடம்

அக்காட மகன் வீடு உடைச்ச கேஸ் ஒண்டில சந்தேகத்தில பிடிபட்டு 11 மாசமா விளக்கமறியல்ல, அதாவது தீர்ப்பு வர முதல் சிறைல, கிடந்தவன். அது முழுக்க வேற ஒரு லோயர்தான் பாத்தவர், பேர் வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் அக்கா விடியவெள்ளன நிலாவெளில பஸ் ஏறி வந்து கோட்டு வாசல்ல நிப்பா, அவர் ஒரு நிமிசம் எழும்பி நிப்பார், திரும்ப 14 நாள் மறியல், அக்கா காசக் குடுத்திட்டு அழுதுகொண்டு போவா. ஏன் குற்றப்பத்திரிகை வரேல்ல எண்டு கேட்டா, பைல் அரசாங்கத்துக்காக வழக்குப் போடுற சட்டமா அதிபர் திணைக்களத்தில கிடக்கு பொறுங்கோ எண்டுதான் பதில். எவ்வளவு காலம் பொறுக்கலாம் எண்டதுக்குச் சட்டத்திலயே கணக்கு இருக்கெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

பிறகு தெரிஞ்ச ஒராள் சொல்லித்தான் என்.சி. வீதிப் பக்கம் போட்டோக்கொப்பி கடைக்கு மேல இருக்கிற இந்த ஒபிசுக்குப் போனம். லோயர் ஒரு இளம் பிள்ளை, தமிழிலயே வடிவா விளங்கப்படுத்தினவ. உக்காந்த உடன காசப் பற்றிக் கதைக்கேல்ல, பிடிச்ச திகதி என்ன, எத்தின மணிக்கு, எப்ப நீதவானுக்கு முன்னால கொண்டு போனவங்க எண்டு கேட்டா. பிடியாணை இல்லாமப் பிடிச்சா பயண நேரத்தக் கழிச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள கொண்டு போகோணும், 1979ம் ஆண்டு 15ம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில இருக்காம். எங்கட பிள்ளைய அடுத்த நாள் காலம கொண்டு போயிட்டாங்க, அதில பிழை இல்ல.

அடுத்ததா 1997ம் ஆண்டு 30ம் இலக்கப் பிணைச் சட்டத்தச் சொன்னா. தீர்ப்பு வந்து தண்டனை குடுக்காத ஆள 12 மாசத்துக்கு மேல உள்ளுக்க வச்சிருக்கேலாது, அந்த 12 மாசமும் விளக்கமறியல் போட்ட நாள்ல இருந்து இல்ல, கைது செய்த நாள்ல இருந்து. கூட வச்சிருக்கோணும் எண்டா சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில காரணம் காட்டிக் கேக்கோணும், ஒரு தடவைக்கு 3 மாசத்துக்கு மேல குடுக்கேலாது, எல்லாம் சேத்தும் இன்னொரு 12 மாசந்தான். கலண்டர எடுத்து அக்காட முன்னாலயே நாளை எண்ணி ஒரு துண்டில எழுதிக் குடுத்தா. 11 மாசத்தில முதல்தரமா அக்காக்கு ஒரு திகதி கிடைச்சது, அந்தத் துண்ட இப்பவும் சாமிப்படத்துக்குக் கீழ வச்சிருக்கிறா.

12 மாசம் முடிய, நீடிப்பு ஒண்டும் எடுக்கேல்ல எண்டு பாத்திட்டு உடன மோஷன் (கோட்டுக்கு எழுதிக் குடுக்கிற கோரிக்கை) போட்டா. ரெண்டு சரீரப் பிணைல, அதாவது ரெண்டு பேர் அவனுக்குப் பொறுப்பு நிக்க, விட்டாங்க. பிணை நிக்கிற ஆக்கள் கிராம சேவகரிட்ட உறுதிப்படுத்தின கடிதம் கொண்டு வரோணும் எண்டு ரெண்டு கிழமைக்கு முதலே சொல்லி வச்சதால அண்டைக்கே வீட்ட வந்திட்டான். வழக்கு இன்னும் நடக்குது, அவன் செய்தானா இல்லையா எண்டத கோடு பாக்கட்டும், ஆனா தீர்ப்பு வர முதலே ஒரு வருசம் போயிட்டுதே எண்டதுதான் எனக்குத் தாங்கேலாம இருக்கு.

இன்னொண்டும் சொல்லோணும். நாங்க இருக்கேக்க ஒரு அம்மா தம்பிக்காக வந்தவ, அது பயங்கரவாதத் தடைச் சட்டக் கேஸ். இந்தப் பிணைச் சட்டம் அதுக்குப் பொருந்தாது அம்மா எண்டு நேராச் சொல்லிட்டா. அதில தடுப்புக்காவல் உத்தரவே முந்தி 18 மாசம் வரைக்கும் போகலாம், 2022 திருத்தத்தில 12 மாசமாக் குறைச்சிருக்கு, கைதாகி 12 மாசத்துக்குள்ள வழக்கு விசாரணை தொடங்கேல்ல எண்டா கொழும்பில மேன்முறையீட்டு நீதிமன்றத்தில பிணை கேக்கலாம் எண்டு வழி காட்டி அனுப்பினா, ஒரு சதமும் வாங்கேல்ல. எங்களிட்டயும் வசதி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுக்குப் போங்கோ எண்டு சொல்லிட்டுத்தான் கட்டணத்தச் சொன்னவ. குடுத்த காசுக்கெல்லாம் ரிசீட் தந்தவ.

குறை எண்டா படி சரியான செங்குத்து, முழங்கால் நோ உள்ள அக்கா ரெண்டு தரம் நிண்டு நிண்டுதான் ஏறினவ. காலமைல கோட்டில நிக்கிறதால போன் எடுக்க மாட்டா, பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போனாத்தான் ஆறுதலாக் கதைக்கலாம். போற ஆக்கள் பிடிச்ச திகதியும் நேரமும் வழக்கு இலக்கமும் எழுதிக்கொண்டு போங்கோ, அவ முதல்ல அதத்தான் கேப்பா.