கட்டுரைக் கொப்பி: முழுத்திருத்தமா, குறியிட்டுத் திருப்பிக் கொடுப்பதா?

திருகோணமலையில் தரம் 10 வகுப்பொன்றில் 35 கொப்பிகள் என்று வையுங்கள். ஒவ்வொரு பிழையையும் சிவப்புப் பேனையால் திருத்தி எழுதினால் கொப்பிக்கு 8 நிமிடம்; மொத்தம் நாலரை மணித்தியாலத்துக்கு மேல். பிள்ளை புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும். அடுத்த கட்டுரையில் அதே பிழை.

குறியிடுவது வேறு மாதிரி. பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஓரெழுத்து மட்டும்: சந்திக்கு ‘ச’, ஒருமை பன்மைக்கு ‘ஒ’. “கன்னியாவில் ஏழு வெந்நீர் கிணறுகள் உள்ளது” என்ற வரிக்கு இரண்டு குறியும் விழும். “வெந்நீர்க் கிணறுகள் உள்ளன” என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கொப்பிக்கு 3 நிமிடம் போதும். ஆனால் திருப்பிக் கொடுத்த அன்றே வகுப்பில் 20 நிமிடம் ஒதுக்கித் திருத்த வைக்காவிட்டால் குறி வெறும் கிறுக்கல்தான். குறிகள் ஐந்தைத் தாண்டினாலும் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

ஒன்றில் மட்டும் முழுத்திருத்தமே நல்லது: ழகர, ளகர மயக்கம். பேச்சில் இரண்டும் பலருக்கு ஒன்றாகவே ஒலிப்பதால், ‘பளம்’ என்று எழுதிய பிள்ளைக்குக் குறியைப் பார்த்தும் பிழை தெரியாது. ‘பழம்’ என்று எழுதிக் காட்டிவிடுங்கள். ரகர, றகரத்துக்கும் அப்படியே.

உயர்தர மாணவரின் இலக்கிய விடைகளுக்கு இவை இரண்டுமே போதாது. “கவிஞர் அழகாகப் பாடுகிறார்” என்று எழுதியிருந்தால், “எந்தச் சொல்லால்?” என்று ஓரத்தில் கேளுங்கள், அந்தப் பந்தியை மட்டும் திரும்ப எழுதட்டும்.