380 என்ற எண்ணுக்கு மயங்கினேன்: பிக் பிளாக் காருக்கு ஹெட், ஹெடர் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். டெட்ராய்ட் பக்கம்தான் இருக்கிறார். என்னைப் போலவே 454 எஞ்சின் (454 கன அங்குலம், பிக் பிளாக் என்கிற பெரிய வகை) போட்ட பழைய ஷெவி, அதாவது ஷெவ்ரொலே கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். "அண்ணா, அலுமினிய ஹெட் ஒரு ஜோடி நல்ல விலைக்கு வருது, எடுத்துரட்டுமா?" என்றார். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் மூடியாக உட்கார்ந்து வால்வுகளைத் தாங்கும் பாகம். எந்தக் கடை என்று கேட்டேன். நான் ஏமாந்த அதே கடை. அதனால்தான் வெட்கத்தை ஓரம் கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் விற்கும் விதத்தைச் சொல்கிறேன், அது போதும்.

என் கார் 1971 ஷெவெல், ஷெவியின் ஒரு மாடல். உள்ளே இருக்கும் 454 பிற்காலத்து டிரக்கிலிருந்து முந்தைய சொந்தக்காரர் கழற்றிப் போட்டது. 7.4 லிட்டர், இரும்பு ஹெட், ஓவல் போர்ட் (ஹெட்டுக்குள் காற்று போகும் வழி முட்டை வடிவம்), ஆட்டோமேட்டிக் கியர், பின் ஆக்ஸில் விகிதம் 3.31. ரேஸுக்கு இல்லை. சனிக்கிழமை வீட்டுக்காரியையும் பையனையும் ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் கடை வரை போய் வருகிற கார். ஆகஸ்டில் வுட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்குள் கொஞ்சம் தெம்பு ஏற்றிவிடலாம் என்று ஆசை. அலுமினிய ஹெட் போட்டால் முன்பக்கம் சுமார் 30 கிலோ குறையும், கம்ப்ரஷனையும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதையும்) கொஞ்சம் ஏற்றலாம். கணக்கு தப்பில்லை. கடைதான் தப்பு.

நான் கேட்டது ஓவல் போர்ட் ஹெட். விற்பனையாளர் சிரித்தார். ஓவல் எல்லாம் டிரக்குக்கு, உங்களுக்கு 320 சிசி ரெக்டாங்குலர் போர்ட்தான் (அகலமான செவ்வக வழி) சரி என்று ஒரு தாளை அனுப்பினார். அதில் பெரிய எழுத்தில் 380 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 380 கன அடி காற்று. "நீங்கள் எஞ்சினியர்தானே, எண்ணைப் பாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். எஞ்சினியர்தான், ஆனால் வேலை மென்பொருளில்.

அந்த 380 என்பது வால்வு 0.700 அங்குலம் திறந்தபோது கிடைத்த காற்றோட்டம். என் கேம் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு) வால்வைத் திறப்பதே 0.515 அங்குலம்தான். கிணறு நூறு அடி ஆழம், என்னிடம் இருக்கும் கயிறோ ஐம்பது அடி. அதே தாளில் கீழே சின்ன எழுத்தில் 0.500 அங்குலத்துக்கான எண்ணும் இருந்தது. அதை ஒரு நல்ல ஓவல் ஹெட்டின் தாளோடு பிறகு ஒப்பிட்டேன். ஏறத்தாழ சமம். பெரிய போர்ட்டுக்கு நான் கொடுத்த கூடுதல் காசுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால்கூடப் பரவாயில்லை, இருந்ததும் போயிற்று. வாய்க்காலை அளவுக்கு மீறி அகலமாக வெட்டினால் தண்ணீர் சோம்பிப் போகும், வண்டல் அடியில் தங்கும். இங்கே வண்டல் என்பது பெட்ரோல். 5,500, 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும் எஞ்சினுக்கு அந்த அகலம் வேண்டும். சிக்னலில் நின்று 1,500இல் கிளம்பும் என் காருக்கு அது பாரம். கார்புரேட்டரை எப்படி ட்யூன் செய்தாலும் பெடலை மிதித்ததும் ஒரு கணம் தும்மிவிட்டுத்தான் நகர்ந்தது. போதாக்குறைக்கு, என் பழைய இன்டேக் மேனிஃபோல்ட் (கார்புரேட்டரிலிருந்து ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுபோகும் பாகம்) ஓவல் என்பதால் புது ஹெட்டோடு சேராது. அதற்கும் அதே கடையில் 420 டாலர். முதலில் போன் செய்தபோதே மேனிஃபோல்ட் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஹெட் வந்து இறங்கிய பிறகுதான் "ஓ, ஓவலா வைத்திருக்கிறீர்கள்?" என்றார்.

இதுவரை நடந்ததை என் அறியாமை என்று ஏற்றுக்கொள்கிறேன். இனி வருவது அறியாமை இல்லை, மோசடி.

வாங்குவதற்கு முன் என் கேம் கார்டை (கேமின் வகையும் அளவும் அச்சிட்ட அட்டை) போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். ஃப்ளாட் டாப்பெட் ஹைட்ராலிக் கேம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. வால்வை மூடும் ஸ்பிரிங்கை அதற்கு ஏற்றபடி போட்டுத் தருவதாக எழுத்திலேயே பதில் வந்தது. ஹெட் வந்தது, பூட்டினேன், புது எண்ணெய் ஊற்றினேன், 2,000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டினேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. தொண்ணூறு மைல் ஓடியிருக்கும். இடது பக்கம் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு சிலிண்டர் உதறத் தொடங்கியது.

எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை மேஜையில் விரித்தேன். விளக்கை அருகில் கொண்டுபோனதும் தாள் முழுக்க ஜரிகை போல மின்னியது. காந்தத்தைக் காட்டினேன், துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. இரும்புப் பொடி. என் கேம் பொடியாகி எண்ணெயில் கலந்திருந்தது. பையன் "அழகா இருக்குப்பா" என்றான்.

ஊரில் ஒரு பழைய மெஷினிஸ்ட் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. ஹெட்டைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனேன். முதலில் ஸ்பிரிங்கை டெஸ்டரில் வைத்து அழுத்தினார். வால்வு மூடியிருக்கும் நிலையில் 210 பவுண்டு. ஃப்ளாட் டாப்பெட் கேமுக்கு 120, 130 போதும். அதில் டாப்பெட்டின் அடிப்பாகம் கேம் மேல் வழுக்கித்தான் போகிறது, உருளை கிடையாது, அழுத்தம் கூடினால் தேய்ந்துவிடும். 210 என்பது ரோலர் கேமுக்கான ஸ்பிரிங். எது கைவசம் இருந்ததோ அதை மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து ஹெட்டைக் கவிழ்த்து, சேம்பர் (பெட்ரோல் எரியும் குழி, சின்னதானால் கம்ப்ரஷன் கூடும்) மேல் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டினார். சாயம் கலந்த ஸ்பிரிட்டை ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். விளம்பரத்தில் 100 சிசி. ப்யூரெட் நின்ற இடம் 121. என் பழைய இரும்பு ஹெட்டையும் அளக்கச் சொன்னேன். 113. பிஸ்டன், கேஸ்கெட், டெக் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பழைய ஹெட்டில் கம்ப்ரஷன் சுமார் 8. சொன்னபடி 100 சிசி வந்திருந்தால் 8.8. என் கைக்கு வந்ததில் 7.6. தெம்பு ஏற்றக் காசு கொடுத்து, இருந்ததை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அலுமினியம் சூட்டை வேகமாக விடுவதால் அதற்குக் கம்ப்ரஷன் கொஞ்சம் கூடவே வேண்டும். இங்கே தலைகீழ்.

கடைசியாகப் போர்ட்டுக்குள் ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது ஐந்து வால்வுகளின் ஓரத்தில் ஈரம், ஒன்றில் சொட்டே விழுந்துகொண்டிருந்தது. கையால் செதுக்கிய மல்டி ஆங்கிள் வால்வ் ஜாப் (வால்வு கசியாமல் உட்காரும்படி சீட்டை வெட்டுவது) என்று அதற்குத் தனியாக 200 டாலர் வாங்கியிருந்தார்கள். ஹெட்டின் ஓரத்தில், யார் வார்த்தது என்று காட்டும் வார்ப்பு அடையாளம் இருக்க வேண்டிய இடத்தைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்திருந்ததைக் காட்டிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்) கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 454 தெருவில் ஓட 1.75 அல்லது 1.875 அங்குலக் குழாய் போதும், மிஞ்சிப்போனால் 2. எனக்குத் தள்ளிவிட்டது 2.125. "இந்த வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்றார்கள். ஒரு குழாய் ஸ்டியரிங் பாக்ஸில் இடித்தது, ஒரு பிளக் வயரின் ரப்பர் குழாயில் பட்டு உருகியது, ஸ்டார்ட்டர் சூடேறி, பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி கிளம்பியது. குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் தொங்கியதில் என் வீட்டு டிரைவ்வே சரிவில் ஏறும்போதெல்லாம் கரகரவென்று ஓர் உராய்வு. கடையில் கேட்டதற்கு, சுத்தியலால் தட்டிக் குழி போட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். கொஞ்சம் தட்டுவது வழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அரைக் குழாயை நசுக்குவது வழக்கம் இல்லை.

பணம் விஷயம் முக்கியம். ஹெட், மேனிஃபோல்ட் இரண்டுக்கும் வங்கி ஆப் வழியாக நேரடியாக அனுப்பினால் 4 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார்கள். அனுப்பினேன். நூற்றுச் சொச்சம் மிச்சம் என்று அன்றைக்குச் சந்தோஷம். ஹெடருக்கு மட்டும் ஆப்பின் தினசரி வரம்பு தாண்டிவிட்டதால் கிரெடிட் கார்டு. அந்த வரம்புதான் பிறகு என்னைக் காப்பாற்றியது. கிரெடிட் கார்டுக்கு அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட்டால் கார்டு நிறுவனம் விசாரித்தே ஆக வேண்டும். போட்டோக்களோடு எழுதினேன், ஹெடரின் 780 டாலர் திரும்பி வந்தது. ஹெட்டுக்கு வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்று கையை விரித்தார்கள். கடையோ, எஞ்சினில் பூட்டிவிட்டால் வாபஸ் இல்லை என்றது. பூட்டாமல் கேம் தேய்ந்திருக்குமா என்று கேட்டேன். விற்பனையாளர் போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் வுட்வர்டுக்கு மடக்கு நாற்காலியோடு போய் ஓரமாக உட்கார்ந்து அடுத்தவர் கார்களைப் பார்த்தோம். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். குளிர்காலத்தில் எஞ்சினைப் பிரித்துக் கழுவி, புது பேரிங், புது கேம், அந்தப் பெரியவர் கையால் சீட் வெட்டிய என் பழைய ஓவல் ஹெட், 1.875 அங்குல ஹெடர், சின்ன ஸ்டார்ட்டர் என்று மாட்டினேன். இப்போது தும்மல் இல்லாமல் கிளம்புகிறது. அலுமினியம் இல்லை, 380 இல்லை.

அந்தத் தம்பிக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். சேம்பரை ப்யூரெட்டில் அளந்த எண் என்ன, என் கேம் கார்டுக்கு எத்தனை பவுண்டு ஸ்பிரிங் போடுவீர்கள், வார்ப்பு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கிடைக்குமா. மூன்றையும் அப்படியே கடைக்கு அனுப்பினார். நேற்று பதில் வந்தது என்று எனக்கும் காட்டினார்: "இந்த விலை ஞாயிற்றுக்கிழமை வரைதான்."