ஏற்காட்டு ஆலயத்துக்கு வாங்கிய பழைய டெல்: ஒரு பொருளாளரின் மதிப்புரை

பாட்டு வரிகளைத் திரையில் காட்டவும், ஒரே ஒரு கேமராவை வைத்து ஞாயிறு ஆராதனையை நேரலையில் அனுப்பவும் ஆலயத்துக்குக் கம்ப்யூட்டர் தேடுகிறீர்களா? பெரிய அலுவலகங்களில் ஓடி, புதுப்பிக்கப்பட்டு மறுவிற்பனைக்கு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 தாராளமாகப் போதும். ஏற்காட்டில் எங்கள் சிறிய சபைக்கு அதைத்தான் வாங்கினோம். நான் சபையின் பொருளாளர். காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். காணிக்கைப் பணத்தில் ஒரு ரூபாய் வீணானாலும் எனக்குத் தூக்கம் வராது என்பது கமிட்டிக்கே தெரியும்.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் முதலில் நீட்டிய பட்டியல் 72,000 ரூபாய். தனி கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி, உள்ளே வண்ண விளக்குகள். பாமாலை வரிகளுக்கு வண்ண விளக்கு எதற்கு என்று கேட்டேன், பதில் வரவில்லை. போதாததற்கு 2025 கடைசியில் ரேம் விலை வேறு எகிறிவிட்டது. பாகம் பாகமாக வாங்கிப் புதிதாகக் கட்டுவதில் முன்பிருந்த மிச்சம் இப்போது இல்லை.

எழுத்தும் படமும் காட்ட கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். வீடியோவைச் சுருக்கி அனுப்புவதுதான் கடினமான வேலை. அதற்கென்றே இன்டெல் பிராசசர்களின் உள் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி இருக்கிறது. எங்கள் பெட்டியில் இருப்பது 6 கோர் கொண்ட எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர் ஐ5-8500. நேரலை அனுப்ப உதவும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் என்கோடராக, அதாவது வீடியோவைச் சுருக்கும் பகுதியாக, குவிக் சிங்க்கைத் தேர்ந்தெடுத்த பிறகு, நேரலை ஓடும்போதும் பாட்டுத் திரை தடுமாறுவதில்லை. பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதில் போய் விழாதீர்கள்.

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் வாங்கினோம். 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஓராண்டு உத்தரவாதம், ஜிஎஸ்டி ரசீது எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். கடைத் தம்பி முதலில் நான்காம் தலைமுறை ஐ7 ஒன்றைக் காட்டி, "அம்மா, இது ஐ7, விலையும் பாதிதான்" என்றார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். "இதில் பதினொன்று ஏறுமா தம்பி?" என்று கேட்டதும் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். திருட்டு விண்டோஸும் வேண்டாம் என்றேன். களவு கூடாது என்று பிரசங்கம் நடக்கும் கூரையின் கீழ் அது எப்படி ஓடும்?

கடையைப் பற்றி நல்லது சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே தூசி இல்லை என்று காட்டினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு திரைகளை மாட்டிக் காட்டச் சொன்னேன்; முகம் சுளிக்கவில்லை. இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்: இயக்குபவருக்கு ஒரு திரை, சபைக்கு ஒரு திரை, இரண்டிலும் வேறு வேறு காட்சி. 3060-இல் ஒரு எச்டிஎம்ஐயும் ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டும் இருப்பதால் இது நடக்கிறது. குறை என்றால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றாமலே கொடுத்துவிட்டார்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்கு ஓடியது. மலையேறி வந்த பிறகுதான் இது தெரிந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பேட்டரிக்காக மறுபடியும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவேனா? இங்கேயே ஒரு கடிகாரக் கடையில் வாங்கிப் போட்டோம். இலவசமாகத் தந்த கீபோர்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பெட்டியைவிட எங்களுக்கு அதிகத் தலைவலி தந்தது தமிழ் எழுத்து. பாடல்களைப் பல ஆண்டுகளாகப் பலர் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய முறை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கீர்த்தனை முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒவ்வொரு பாடலையும் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். கொம்புகள் இடம் மாறி நின்ற பாடல்கள் ஏராளம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார்தான் உட்கார்ந்து முடித்தார்கள். அந்த உழைப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பாடல்களை, வரிகளைத் திரையில் காட்டும் ஓபன்எல்பி என்ற இலவச மென்பொருளில் ஏற்றியிருக்கிறோம். முதல் வரியில் ஒரு சொல்லைத் தட்டினால் பாட்டு வந்துவிடும். ஆயர் திடீரென்று வேறு பாட்டுச் சொன்னாலும் பதற வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி கைபேசியிலிருந்தே பக்கங்களை நகர்த்துகிறாள். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தோம். ஒரு திரைக்கு நான்கு வரிக்கு மேல் வைக்காதீர்கள், வரி இடைவெளியையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் மெய்ப்புள்ளியும் மோதிக்கொள்ளும். கடைசி பெஞ்சில் உட்காரும் பெரியவர்கள்தான் எனக்குப் பரிசோதகர்கள்.

வயரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வது எங்கள் கமிட்டிக்கே வியப்பு. பின்பக்க மேசையிலிருந்து பீடத்தருகே இருக்கும் புரொஜெக்டர் வரை 20 மீட்டர். அவ்வளவு நீளத்துக்குச் சாதாரணச் செம்புக் கம்பி எச்டிஎம்ஐயை நம்ப முடியாது, படம் கண்சிமிட்டும். ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் 3,800 ரூபாய்க்கு வாங்கினோம். அதற்குத் திசை உண்டு: எந்த முனை கம்ப்யூட்டருக்கு, எந்த முனை புரொஜெக்டருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். பார்க்காமல் சுவரோடு பதித்துவிட்டால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

கோடை மழை இடியோடு வரும் ஊர் இது. யுபிஎஸ் கட்டாயம், அதைவிட முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் பிளக்கையே பிடுங்கி வைக்கிறோம். மூடுபனி நாட்களில் ஈரம் எல்லாவற்றிலும் இறங்கும். லென்சில் பூஞ்சை பிடிக்காமலிருக்க கேமராவை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறோம்.

கேமராவை இணைக்க வாங்கிய மலிவான யுஎஸ்பி கேப்சர் கருவியின் அட்டையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு உண்மையில் வருவது 1080பி, நொடிக்கு 30 படம். எங்களுக்கு அதுவே அதிகம். மலையில் இணைய வேகம் ஏறி இறங்குவதால் அதைவிடத் தெளிவு குறைந்த 720பி-யில்தான் அனுப்புகிறோம். ஒலியை மிக்சரிலிருந்து நேராக எடுங்கள். அது படத்துக்குச் சற்று முன்னால் ஓடும். ஓபிஎஸ்ஸில் ஒலிக்குச் சற்றுத் தாமதம் கொடுத்தால் ஆயரின் உதடும் குரலும் சேரும்.

மூன்று நான்கு கேமரா வைத்து மாற்றி மாற்றிக் காட்டும் பெரிய சபைகளுக்கு இந்தப் பெட்டியை நான் சொல்ல மாட்டேன். நாங்கள் வாங்கியது 3060-இல் சிறிய உடல் வகை, பவர் சப்ளையும் சிறியது. முழு உயர கார்டு எதுவும் உள்ளே நுழையாது. அவர்கள் புதிதாகக் கட்டிக்கொள்ளட்டும், வண்ண விளக்கு இல்லாமல். எங்களுக்குப் பழைய மானிட்டர், யுபிஎஸ், கேபிள், கேப்சர் கருவி எல்லாம் சேர்ந்து 33,000-க்குள் முடிந்தது. மீதிப் பணத்தில் புரொஜெக்டருக்கு ஒரு மாற்று விளக்கு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தீர்மானம் அடுத்த கமிட்டியில் வருகிறது.